கணிப்பொறித் திட்டங்கள் களத்தோடு ஒட்டாதது ஏன்?

(கீரனூரில் உழவர்களும் வேளாண்மை, வருவாய்த் துறைப் பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இத்தகைய கூட்டங்களில் விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று மற்றோர் இடுபொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது மூட்டையில் வருவதில்லை. கடையில் விற்பதில்லை. ஆனால் அது இல்லாமல் இன்று மானியமும் இல்லை, காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. அதுதான் கணிப்பொறிப் பதிவு.

குளத்தூர் வட்டம் பெரும்பாலும் வானத்தை நம்பிய வட்டம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்தால் நெல். பெய்யாவிட்டால் கடலை, உளுந்து, அதுவும் இல்லாவிட்டால் தரிசு. இப்படிப்பட்ட பகுதியில் பயிர் பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவது காப்பீட்டுத் தொகையும் நிவாரணத் தொகையுமே ஆகும். அந்தத் தொகை யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கணிப்பொறியில் உள்ள பதிவுதான் தீர்மானிக்கிறது. வயலில் நெல் நின்று கருகியிருக்கலாம். பதிவில் தரிசு என்று இருந்தால் அந்த உழவருக்கு ஒரு காசும் கிடைக்காது. எனவே இது அலுவலகத்துக்குள் முடிந்துவிடும் விஷயம் அன்று. வயலையும் வயிற்றையும் தொடும் விஷயம் ஆகும்.

அரசு கொண்டுவரும் கணிப்பொறித் திட்டங்கள் நல்ல நோக்கத்துடனேயே தொடங்கப்படுகின்றன. இடைத்தரகரை ஒழிப்பது, அலைச்சலைக் குறைப்பது, பணத்தை நேராக வங்கிக் கணக்கில் சேர்ப்பது ஆகிய எல்லாம் வரவேற்கத் தக்கவை. இருந்தும் பல திட்டங்கள் களத்தில் இறங்கியதும் தடுமாறுகின்றன. அதற்கான காரணங்களையும், உழவரும் அலுவலரும் செய்ய வேண்டியவற்றையும் இனிப் பார்ப்போம்.

புதிய இரகமும் புதிய செயலியும்

ஒரு புதிய நெல் இரகமோ உளுந்து இரகமோ உங்கள் கைக்கு எப்படி வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்திலேயே வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஓர் உளுந்து வளர்ப்பு நல்ல விளைச்சல் தந்தது என்பதற்காக அதை மறுநாளே மாநிலம் முழுவதும் விதைக்கச் சொல்வதில்லை. முதலில் ஆராய்ச்சி நிலையத்தில் சில பருவங்கள் பார்க்கிறார்கள். பிறகு வெவ்வேறு மண், வெவ்வேறு மழை உள்ள பல இடங்களில் சோதிக்கிறார்கள். அதன் பின் உழவர் வயலிலேயே, உழவரின் பராமரிப்பிலேயே, உள்ளூர் இரகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்க்கிறார்கள். இவ்வளவும் தேறிய பிறகே இரகம் வெளியிடப்படுகிறது.

ஏன் இத்தனை படிகள்? நிலையத்தில் தண்ணீர் உண்டு, உரம் உண்டு, ஆள் உண்டு. உழவர் வயலில் மூன்றும் குறைவு. நிலையத்து விளைச்சலுக்கும் உழவர் வயல் விளைச்சலுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை முன்கூட்டியே அளந்து கொள்வதற்காகத்தான் இந்தச் சோதனைகள்.

கணிப்பொறித் திட்டத்துக்கும் இதே இடைவெளி உண்டு. தலைநகரில் குளிர்சாதன அறையில், தடையில்லா மின்சாரத்தோடும் வேகமான இணைப்போடும் ஒரு செயலியை உருவாக்குகிறார்கள். அங்கே அது நன்றாகவே ஓடுகிறது. அதே செயலி நார்த்தாமலைப் பக்கம் ஒரு குளத்து உள்வாயில், வெயிலில் திரை தெரியாத செல்போனில், சிக்னல் இல்லாத இடத்தில் ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் இரகத்துக்குச் செய்யும் பல இடச் சோதனையைச் செயலிக்குச் செய்வது அரிது. செய்தாலும் வசதியான ஒரு வட்டத்தில், ஊக்கமுள்ள ஓர் அலுவலரின் மேற்பார்வையில் செய்துவிட்டு, அதையே எல்லா இடத்துக்கும் பொருந்தும் முடிவாகக் கொள்கிறார்கள்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹீக்ஸ் என்ற பேராசிரியர், வளரும் நாடுகளில் அரசுக் கணிப்பொறித் திட்டங்களின் நிலை பற்றி 2003ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். நூற்றுக்கு 35 திட்டங்கள் முழுத் தோல்வி, 50 திட்டங்கள் பாதித் தோல்வி, 15 மட்டுமே வெற்றி என்பது அவரது கணக்கு. இது அக்காலத்து மதிப்பீடு. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் காட்டிய காரணம் இன்றும் பொருந்துகிறது. திட்டம் வரைந்தவர் மனத்தில் உள்ள அலுவலகம் வேறு, உண்மையில் உள்ள அலுவலகம் வேறு. இவ்விரண்டுக்கும் தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குத் தோல்வியும் அதிகம் என்றார் அவர்.

அந்தத் தூரம் எங்கெங்கே உண்டாகிறது என்பதை நம் நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டே பார்ப்போம்.

1. பதிவேட்டின் பிழை கணிப்பொறியிலும் தொடர்தல்

கணிப்பொறி தானாக எதையும் அறியாது. எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொள்ளும். யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979இல் தொடங்கி 1980களில் தமிழ்நாடு முழுவதும் நடைபெற்றது. பட்டாக்களைப் புதுப்பித்த பெரும் பணி அது. அப்பணியில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, அண்ணன் தம்பி பாகம் ஒருவர் பெயரிலேயே நின்றது ஆகிய பிழைகளும் நேர்ந்தன. பின்னர் அந்தப் பதிவேடுகளே கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. காகிதத்தில் இருந்த பிழை அப்படியே கணிப்பொறிக்கும் வந்து சேர்ந்தது.

முன்பு ஊர்க்கணக்கரிடம் பதிவேட்டைத் தவிர மற்றொரு கணக்கும் இருந்தது. அது அவர் மனத்தில் இருந்த கணக்கு. "பட்டா பெரியவர் பெயரில் இருந்தாலும் மேலப்பங்கை இளையவர் உழுகிறார்" என்பது அவருக்குத் தெரியும். 1980 நவம்பர் 14ஆம் நாள் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். பரம்பரைப் பதவி போனது நல்லதே. அந்த மனக்கணக்கை வைத்துக்கொண்டு வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்று நடந்ததும் உண்டு. ஆனால் பதிவேட்டின் குறையை அந்த மனக்கணக்கு பல நேரங்களில் ஈடுசெய்தது என்பதையும் மறுக்க முடியாது. கணிப்பொறிக்கு அந்த மனக்கணக்கு கிடையாது. திரையில் உள்ள பெயர் எதுவோ அதுவே அதற்கு உழவர்.

2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் முகாம்கள் நடந்தன. அந்த எண் நில ஆவணத்தோடு இணைக்கப்படுகிறது. பாட்டனார் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். கூட்டுப் பட்டாவில் யார் எந்தத் துண்டை உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியும், பதிவுக்குத் தெரியாது.

2. உழுபவர் ஒருவர், பதிவில் இருப்பவர் மற்றொருவர்

நம் பகுதியில் குத்தகையும் வாரமும் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடக்கின்றன. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஆயினும் பதிவு செய்யாமல் நடக்கும் குத்தகையே அதிகம். நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார். குத்தகைக்காரர் அழுத்திக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்.

இப்போது பிரதம மந்திரி உழவர் நிதி உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. நிலம் பெயரில் உள்ளவருக்கே அது உரியது. உழுதும் விதைத்தும் நட்டமும் அடைகிற குத்தகை உழவருக்கு அதில் இடமில்லை. இது கணிப்பொறியின் பிழை அன்று, திட்டத்தின் விதி. ஆனால் கணிப்பொறி வந்த பிறகு அந்த விதியில் சிறிதும் நெகிழ்வு இல்லாமற் போயிற்று. மற்ற மானியங்களும் இதே பட்டியலைக் கொண்டு வழங்கப்படும்போது, பட்டியலில் இல்லாதவர் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேறிவிடுகிறார்.

3. களப்பணியாளரின் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் 2,000 உட்பிரிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் நேரில் நின்று, படம் எடுத்து, பயிரின் பெயரைப் பதிய 5 நிமிடம் என்று கொண்டால் 10,000 நிமிடங்கள் ஆகும். அதாவது ஏறத்தாழ 167 மணி நேரம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் வேறு வேலை எதுவும் பார்க்காமல் இதையே செய்தாலும் 28 நாட்கள் வேண்டும். ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கு நடக்கும் நேரமும், சிக்னலுக்குக் காத்திருக்கும் நேரமும் இதில் சேரவில்லை. இது ஒரு பருவத்துக்கு மட்டுமே. சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அடங்கல் கேட்டு உழவர் வரிசையில் நிற்பதும் அப்போதுதான், வெள்ளச் சேதம் பார்க்க வேண்டியதும் அப்போதுதான், சான்றிதழ் விசாரணைகளும் அப்போதுதான்.

2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் நடந்தபோது, இந்த வேலைப் பளுவைச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வேளாண்மை, தோட்டக்கலைக் கல்லூரி மாணவ மாணவியர் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். மழைக்காலத்தில் சேற்றிலும் புதரிலும் மாணவர்களை இறக்குவது சரியா என்ற சர்ச்சை எழுந்தது. யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இவ்வளவு பெரிய வேலையைத் திட்டமிடும்போது, அதைச் செய்யப்போகும் ஆள் யார், அவர் எந்த வேலையை விட்டுவிட்டு இதைச் செய்வார் என்ற கேள்விக்கு முதலிலேயே விடை வேண்டும் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். புதிய பதிவு வருகிறது. பழைய பதிவேடும் நிற்பதில்லை. ஒரே தகவலைக் காகிதத்தில் ஒரு முறை, செயலியில் ஒரு முறை, மேலதிகாரியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை என்று மூன்று முறை எழுதுகிறார்கள்.

நேரம் போதாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. 2020இல் மேற்சொன்ன உழவர் நிதி உதவித் திட்டத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டதும், சுமார் 110 கோடி ரூபாய் அவர்களுக்குப் போனதும் வெளியாயின. அலுவலர்களின் கடவுச்சொற்கள் தரகர்களின் கைக்கும் தனியார் கணினி மையங்களின் கைக்கும் போயிருந்தன. குற்றம் செய்தவர்கள் மீது வழக்கும் நடவடிக்கையும் வந்தன. பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சியும் நடந்தது. குற்றம் குற்றமே. ஆனால் கடவுச்சொல் என்பது அலுவலரின் கையெழுத்துக்குச் சமம் என்று திட்டம் கருதியது. அலுவலகத்திலோ அது எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் ரப்பர் முத்திரைபோல் ஆகிவிட்டது. ஒருவரே செய்ய முடியாத வேலையை ஒருவர் பெயரில் ஒப்படைத்தால், அந்தப் பெயர் பல கைகளுக்குப் போகும். இந்த இடைவெளியில்தான் திருடன் நுழைகிறான்.

4. நம்பாமையின் மேல் கட்டிய முறை

சில திட்டங்களின் முதல் நோக்கம் வேலையை எளிதாக்குவது அன்று. வேலை செய்பவரைக் கண்காணிப்பது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2021இல் ஒரு செல்போன் செயலி அறிமுகமாயிற்று. 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத் தளங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளர்களை நாளுக்கு இரண்டு முறை படம் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. குளம் வெட்டும் இடத்தில் சிக்னல் இல்லாவிட்டால், செய்த வேலைக்கு வருகை இல்லாமற் போகும் என்ற அச்சம் தாய்மார்களுக்கு உண்டாயிற்று. வேலை முடிந்த பிறகும் இரண்டாவது படத்துக்காகவே காத்துக் கிடக்க நேர்ந்தது.

இத்தனைக்குப் பிறகு முறைகேடு நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுவது, படத்தையே மீண்டும் படம் பிடித்து அனுப்புவது, ஆள் எண்ணிக்கையும் படமும் பொருந்தாமை ஆகியவற்றை அதில் சுட்டிக்காட்டியது. ஏற்றிய படங்களை ஊராட்சி, வட்டார அளவில் மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்றும் கூறியது. மனிதரை நம்பாமல் செயலி வைத்தார்கள். பிறகு செயலியைச் சரிபார்க்க மனிதரை வைத்தார்கள்.

புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிதன்று. சமஸ்தான காலத்தில் இங்கே அமானி என்ற வாரமுறை இருந்தது. விளைச்சலில் அரசுக்குப் பங்கு. குடியானவர் கதிரைத் திருடிவிடாமல் பார்க்கக் கங்காணிகள் இருந்தார்கள். அரசின் ஆள் வந்து பார்க்கும்வரை முற்றிய பயிரையும் அறுக்கக் கூடாது. இதனால் மணி உதிர்ந்தது, மழையில் நனைந்தது, குடியானவருக்கும் நட்டம், அரசுக்கும் நட்டம். 1878இல் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரியார் காலத்தில்தான் அம்முறை ஒழிந்து ரொக்கத் தீர்வை வந்தது. காவல் கூடக் கூட விளைச்சல் கூடாது என்ற பாடத்தை நம் சீமை அன்றே கற்றது.

5. உடலும் கையும் பொருந்தாமை

களையெடுத்து, கடலை உரித்து, கல்லுடைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழுவதில்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல் ரேகை முறை வந்தபோது இணைப்புத் தாமதத்தாலும் ரேகை பதியாமையாலும் மக்கள் வரிசையில் தவித்தார்கள். பழைய முறையிலும் பொருள் வழங்க நேர்ந்தது. பிறகு அரசு மாற்று வழிகளைக் கண்டது. முதியவருக்குப் பதிலாக அவர் எழுதிக் கொடுக்கும் மற்றொருவர் வாங்கலாம் என்று வந்தது. கண் கருவிழிக் கருவி வந்தது. 2025 ஆகஸ்ட் 12இல் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் தொடங்கிற்று. இவை பாராட்டத்தக்க திருத்தங்கள். ஆனால் தேய்ந்த விரல் திட்டம் வந்த பிறகு தேய்ந்ததன்று. முன்பே ஊரில் நாலு மூதாட்டிகளின் விரலை வைத்துப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

6. மனிதர் சொல்லைவிட இயந்திரம் சொல்வதை நம்புதல்

இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. பிரிட்டனில் பல ஊர்களில் அஞ்சல் நிலையத்தைச் சிறு கடைக்காரர்களே ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கணிப்பொறிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அது இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. "நாங்கள் பணம் எடுக்கவில்லை, கணக்கில்தான் பிழை" என்று அஞ்சல்காரர்கள் சொன்னார்கள். கணிப்பொறி பொய் சொல்லாது என்று மேலிடம் சொல்லிற்று. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறை சென்றார்கள். பலர் வீட்டையும் சேமிப்பையும் இழந்தார்கள். 2019 டிசம்பரில்தான் அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை நீக்கினார்கள். இருபது ஆண்டுகள்! வசதி மிகுந்த, படிப்பு மிகுந்த நாட்டிலேயே இப்படி என்றால், நம் ஊரில் ஒரு பெயர் விட்டுப்போன உழவர் யாரிடம் முறையிடுவார்?

"கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது" என்ற பதில் இன்று பல இடங்களில் கேட்கிறது. அது பதில் அன்று. அது பொறுப்பை இயந்திரத்தின் மேல் இறக்கி வைப்பதாகும்.

பொருந்திய முறைகளும் உண்டு

குறைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது முறையாகாது. கர்நாடகத்தில் 2000ஆம் ஆண்டளவில் பூமி என்ற திட்டத்தில் சுமார் இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். வட்டத் தலைநகரில் 15 ரூபாய் கட்டினால் நகல் கிடைத்தது. நகலுக்காக ஊர்க்கணக்கரின் பின்னால் அலைவது குறைந்தது. நகலுக்கும் ஊரிலிருந்து வட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருக்கிறது என்ற குறையையும் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். நம் மாநிலத்திலும் இன்று பட்டா, சிட்டா, அ பதிவேட்டு விவரங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பத்து முறை பேருந்து ஏறிய காலத்தை நினைத்தால் இது பெரும் வசதியே ஆகும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு சிறந்த உதாரணம் உண்டு. அது கணிப்பொறி அன்று, சைக்கிள். 1991ஐ ஒட்டி இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதும் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். அவர்களில் பலர் பெண்களுக்கென்று செய்த சைக்கிளைவிட ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம் எளிது. அதில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பெண்ணுக்கு எது வசதி என்று தொழிற்சாலை நினைத்தது ஒன்று. குழந்தையோடும் சுமையோடும் போகும் பெண்ணுக்குத் தேவையானது மற்றொன்று. எந்தச் சைக்கிள் வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே தீர்மானித்ததால் அது ஊரில் நிலைத்தது. செயலிக்கும் இதுவே அளவுகோல். அதைக் கையில் பிடித்து வேலை செய்கிறவரும், அதனால் பலன் பெறுகிறவரும் சொல்வதைக் கேட்டுத் திருத்தினால் நிலைக்கும்.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

1. எந்தச் செயலியையும் மாவட்டம் முழுவதும் புகுத்துமுன், ஒரு நஞ்சைக் கிராமம், ஒரு மானாவாரிக் கிராமம், சிக்னல் இல்லாத ஒரு கிராமம் ஆகிய மூன்றிலாவது ஒரு முழுப் பருவம் சோதிக்க வேண்டும்.

2. புதிய பதிவு தொடங்கும் நாளிலேயே, எந்தப் பழைய பதிவேடு நிறுத்தப்படுகிறது என்பதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். எதையும் நிறுத்த முடியாவிட்டால் கூடுதல் ஆள் தர வேண்டும்.

3. கடலையில் துவரை ஊடுபயிர், வரப்பில் உளுந்து, மழை தவறிப் பாதியில் கருகிய நெல் போன்ற நிலைகளைப் பதிய வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழி இல்லாவிட்டால் களப்பணியாளர் ஏதாவது ஒன்றைப் பதிவார். அந்தப் பொய்யே பிறகு புள்ளிவிவரம் ஆகும்.

4. இயந்திரம் மறுத்தால் மனிதர் சரிசெய்ய ஒரு வழி இருக்க வேண்டும். யார் திருத்துவார், எத்தனை நாளில் திருத்துவார் என்பதை அலுவலக வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

5. குத்தகை உழவரைப் பட்டியலில் சேர்க்க ஊரறிந்த சாட்சியம் போதும் என்ற வகையில் எளிய சான்றுமுறை வேண்டும்.

6. களப்பணியாளர் குறை சொன்னால் அதை ஒத்துழையாமை என்று கொள்ளாமல், நோய்க்கு முன் தெரியும் அறிகுறி என்று கொள்ள வேண்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

திட்டம் திருந்தும்வரை காத்திருந்தால் பருவம் போய்விடும். எனவே உழவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

1. ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் பட்டா, சிட்டா விவரத்தை எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகிய ஐந்தையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் பொருந்தாமற் போகலாம்.

2. காலமானவர் பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று பெற்று மாறுதலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அண்ணன் தம்பி மனத்தாங்கல் இருந்தாலும் இதற்கு மட்டுமாவது ஒன்று சேருங்கள். ஒருவர் பிடிவாதத்தால் எல்லாருக்கும் வரவேண்டியது நின்றுவிடும்.

3. விதைத்த பதினைந்து நாட்களுக்குள் அடங்கலில் என்ன பயிர் பதிந்திருக்கிறது என்று கேட்டறியுங்கள். தரிசு என்றோ வேறு பயிர் என்றோ இருந்தால் அப்போதே எழுத்தில் மனுக் கொடுங்கள். பயிர் கருகிய பிறகு கேட்டால் மெய்ப்பிப்பது கடினம்.

4. காப்பீட்டைக் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். கடைசி வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவதால் கணிப்பொறி முடங்குவது வழக்கமாகிவிட்டது.

5. எங்கே பதிவு செய்தாலும் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். ஒருமுறைக் கடவு எண்ணை யார் கேட்டாலும், தெரிந்தவர் கேட்டாலும், எதற்கு என்று அறியாமல் சொல்லாதீர்கள்.

6. "கம்ப்யூட்டரில் வரவில்லை" என்று சொன்னால் அதையே எழுதித் தரும்படி மரியாதையோடு கேளுங்கள். கிடைக்காவிட்டால், கீரனூரில் குளத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.

7. ஒரே பிழை ஊரில் பலருக்கு இருந்தால் தனித்தனியே அலைய வேண்டாம். பட்டியல் எழுதிக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். தனி மனுவை ஓரமாக வைக்கலாம்; ஊர்த் தீர்மானத்தை அவ்வளவு எளிதாக வைக்க முடியாது.

8. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், அண்டை வீட்டு முதியவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் இவற்றைப் பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். இதற்குக் கூலி வாங்கும் தரகர் தானாகவே குறைவார்.

உழவர் பெருமக்களே! கணிப்பொறி வேண்டாம் என்று சொல்வதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. டிராக்டர் வந்தபோதும் நமக்குப் பொருந்தும் கலப்பையைத் தேடிப் பொருத்திக்கொண்டோம். மண்ணைப் பார்த்து உழவை மாற்றினோம்; உழவுக்காக மண்ணை மாற்றவில்லை. கணிப்பொறியும் அவ்வாறே நம் மண்ணுக்கும் நம் வேலைக்கும் ஏற்பப் பழக்கப்பட வேண்டும். அதற்கு முதல் தேவை, அது எங்கே பொருந்தவில்லை என்பதை உழவரும் களப்பணியாளரும் தயங்காமல் சொல்வதும், மேலிருப்பவர்கள் அதைப் பொறுமையோடு கேட்பதும் ஆகும்.

இந்தச் சம்பா பருவத்திலேயே தொடங்குங்கள். வீட்டுக்குப் போனதும் பட்டாவை எடுத்துப் பாருங்கள். நாளைக்கே அடங்கலைக் கேளுங்கள். வயலில் நிற்பது பதிவிலும் நிற்கட்டும்.